பத்தாயம் நிறைந்தால் கால் பறக்கும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற பஸ் ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவேரி. நான் போனது புரட்டாசி மாதம். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. தார் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்க, டிரைவர் அதற்கு உரிய மரியாதை கொடுத்து ஓரமாகவே வண்டியை ஓட்டினார். ஜன்னல் வழியாக வைக்கோல் வாசனை.

இத்தனை நெல்லுக்கு நடுவே பயணம் செய்து பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே என்ன காட்சி தெரியுமா? கூடத்தில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் நாலு வெள்ளரித் துண்டும் அவித்த முட்டை ஒன்றும். வேறு எதுவும் இல்லை.

"சோறு எங்கே?" என்று கேட்டேன்.

"அவ சோத்தை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் பெரியம்மா. "ஊருக்கெல்லாம் நெல்லு அனுப்புற பூமி இது. இந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சோறு ஆகாதாம். நீ பத்திரிகையிலே எழுதறவதானே, கேளு!"

என் அண்ணன் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். வாரத்தில் நாலு நாள் தஞ்சாவூருக்குப் போய்ப் பயிற்சி செய்கிறாள். கூட ஆடும் பெண்கள் சொன்னார்களாம், செல்போனில் ஏதோ வீடியோவும் பார்த்தாளாம்: சோறு சாப்பிட்டால் உடம்பு கனத்துவிடும், கால் நகராது என்று. அன்றிலிருந்து சோறு, இட்லி, தோசை எல்லாவற்றுக்கும் விடை கொடுத்துவிட்டாள்.

"கால் இப்போது நன்றாக நகருகிறதா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதல் செட் நல்லாத்தான் ஆடறேன் அத்தை. மூணாவது செட் வந்தா பந்து பக்கத்திலேதான் போகுது, ஆனா கால் போக மாட்டேங்குது. இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா சரியாயிடும்."

சகோதரிகளே, இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்த வாரம் இதைப் பற்றி எழுத வைத்தது. சாப்பாட்டைக் குறைத்ததால் கால் ஓயவில்லையா? ஓய்ந்ததால் இன்னும் குறைக்க வேண்டும் என்கிறாள். இது எங்கே போய் முடியும்? டென்னிஸ் என்றில்லை, ஓட்டம், கபடி, இறகுப் பந்து, பரதநாட்டியம் என்று ஓடியாடுகிற பெண் குழந்தை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாக என்னுடன் வாருங்கள்.

*

முதலில் கால் எதைத் தின்று ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, வாழைப்பழம், கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாவுச் சத்து. அது வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவானது போக மிச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற பெயரில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தஞ்சாவூர் ஜில்லாப் பெண்களுக்கு இதை விளக்குவது சுலபம். வீட்டுக்கு வீடு மரத்தில் பத்தாயம் இருந்ததே, அதுதான்.

இந்தப் பத்தாயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று தசைகளில். வளர்ந்த மனிதர் ஒருவரின் தசைகளில் எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஆனால் இந்தத் தசைகள் பெரிய கருமிகள். தொடைத் தசை தன்னிடம் இருப்பதைத் தானே செலவழிக்குமே தவிர, பக்கத்துத் தசைக்கு ஒரு படி கடன் கொடுக்காது.

இன்னொன்று கல்லீரலில். அதில் சுமார் 100 கிராம்தான். ஆனால் அது பொதுச் சொத்து. பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்று சொல்வார்கள். அது மாதிரி கல்லீரல், இரத்தத்தின் வழியாக எல்லோருக்கும் படியளக்கிறது. முக்கியமாக மூளைக்கு. இரவு நாம் தூங்கும்போதும் மூளை சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே காலையில் எழுந்திருக்கும்போது அந்தக் களஞ்சியம் பெரும்பாலும் காலி. வெறும் வயிற்றோடு காலை மாட்சுக்குப் போகிற பெண் எப்படி ஆடுவாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"உடம்பில் கொழுப்பு இருக்கிறதே, அது எரியாதா?" என்று கேட்பீர்கள். எரியும். ஆனால் கொழுப்பு ஈர விறகு. நிதானமாக நடப்பதற்கு அது போதும். பந்தைத் துரத்திப் பாய்வதற்கு வேண்டிய வேகத்தில் அது எரியாது. பாய்ச்சலுக்கு வேண்டியது மாவுச் சத்துதான். பத்தாயம் காலியானால் கால் நின்றுவிடுகிறது. அண்ணன் மகளுக்கு மூன்றாவது செட்டில் நடந்தது இதுதான்.

*

இந்த உண்மை எப்படித் தெரிந்தது என்பதே ஒரு சுவையான கதை. 1966-ல் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன்.

ஒன்று ஸ்வீடன் தேசத்தில். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹூல்ட்மன் என்று இரண்டு டாக்டர்கள். தங்கள் உடம்பையே பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ஒரே நிலைச் சைக்கிளில் இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். இன்னொரு கால் சும்மா ஓய்வில் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் மாவுச் சத்து நிறைந்த சாப்பாடு. தொடையில் ஊசி செலுத்தித் துளித் தசை எடுத்துப் பார்த்தால், ஆச்சரியம்! உழைத்த காலில், சும்மா இருந்த காலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு. ஆனால் உழைத்த காலுக்குத்தான் இரட்டைப் படி. உழைத்தவனுக்குக் கூலி என்ற நியாயம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா?

மறு வருஷம், 1967-ல், அவர்களும் அவர்களுடைய சகாக்களும் இன்னொரு சோதனை செய்தார்கள். ஆட்களை மூன்று விதச் சாப்பாடு சாப்பிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே கடுமையில் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கொழுப்பும் புரதமுமாகச் சாப்பிட்ட பின் சராசரியாக 57 நிமிஷம் தாங்கினார்கள். வழக்கமான கலப்புச் சாப்பாட்டுக்குப் பின் 114 நிமிஷம். மாவுச் சத்து நிறையச் சாப்பிட்ட பின் 167 நிமிஷம். அந்த வெள்ளரித் துண்டும் முட்டையும் எந்தக் கணக்கில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஞானத்தைப் பிடித்துக்கொண்ட இங்கிலாந்துக்காரர் ரான் ஹில், 1969-ல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய மாரத்தான் ஓட்டத்தில் ஜெயித்தார். முதலில் மூன்று நாள் மாவுச் சத்தை அறவே விலக்கி உடம்பைக் காயப்போட்டு, பிறகு மூன்று நாள் அதையே நிறையச் சாப்பிடுவது அந்த நாளைய முறை. காயப்போடுகிற சடங்கு வேண்டியதே இல்லை என்று 1980-களில் தெரிந்துவிட்டது. பயிற்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்கள் நன்றாகச் சாப்பிட்டாலே பத்தாயம் நிரம்பிவிடும்.

அதே 1966-ன் இன்னொரு சங்கதி நம் தேசத்தில், கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரையில். டேவிஸ் கோப்பை. இந்தியாவுக்கும் பிரேஸிலுக்கும் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் நம் ராமநாதன் கிருஷ்ணனும் பிரேஸிலின் தாமஸ் கோக்கும். நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணனுக்குத் தகப்பனார் டி. கே. ராமநாதன்தான் குரு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதி வரை போனவர். அன்று கல்கத்தாவில் இரண்டு செட்டுக்கு ஒரு செட் என்று பின்தங்கி, நாலாவது செட்டிலும் 2–5 என்று நின்றார். கதை முடிந்தது என்று ஜனங்கள் நினைத்த இடம் அது. அங்கிருந்து எழுந்து 3–6, 6–4, 10–12, 7–5, 6–2 என்று ஜெயித்தார். இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது.

அந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 61 கேம்! மூன்றாவது செட் மட்டும் 22 கேம். டை-பிரேக் என்கிற சௌகரியம் அப்போது கிடையாது. ஐந்தாவது செட்டில் ஜெயிக்க வேண்டுமானால், நாலு செட் ஆடிய பிறகும் காலில் பாய்ச்சல் மிச்சம் இருக்க வேண்டும். முதல் செட்டில் திறமை பேசும்; கடைசி செட்டில் பத்தாயமும் சேர்ந்து பேசும்.

*

சரி, அண்ணன் மகளுக்கு வருவோம். அவள் மாரத்தான் ஓடப் போவதில்லை. பெண்கள் ஆடுவது மூன்று செட். ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆனால் சிறுவர் போட்டிகளில் ஒரே நாளில் ஒற்றையர் ஒன்று, இரட்டையர் ஒன்று என்று இரண்டு ஆட்டம் வரும். மறுநாள் மறுபடியும். ஆகவே அவளுக்கு வேண்டியது ஒரு நாள் விருந்து அல்ல; தினமும் காலியாவதைத் தினமும் நிரப்புவது.

எவ்வளவு? தினம் ஒன்றிரண்டு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 கிராம் மாவுச் சத்தாவது வேண்டும் என்பது குத்துமதிப்பான கணக்கு. அவள் எடை 45 கிலோ. ஆகவே 270 கிராம்.

நானும் அண்ணியும் காகிதமும் பென்சிலுமாக அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலையில் ஐந்து இட்லி, 60 கிராம். மத்தியானம் இரண்டு கிண்ணம் சோறு, 85 கிராம். சாயங்காலம் வாழைப்பழம் ஒன்று, 25. ஒரு கிண்ணம் சுண்டல், 20. இரவு மறுபடி இரண்டு கிண்ணம் சோறு, 85. கூட்டினால் 275!

அண்ணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "இது நம்ம வீட்டிலே எல்லாரும் சாப்பிடறதுதானே!" என்றாள்.

அதுதான் விஷயம். அயல்நாட்டு டப்பா வேண்டாம், பவுடர் வேண்டாம். காவேரி பாய்கிற ஊரில் தினமும் உலையில் கொதிப்பதுதான் மருந்து. அதிலும் நம் புழுங்கலரிசிக்கு ஒரு விசேஷம் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் தயமின் என்ற பி வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. அரைக்கும்போது அத்தனையும் தவிட்டோடு போய்விடுவதில்லை. மாவுச் சத்தைச் சக்தியாக்குவதற்கு அந்த வைட்டமின்தான் வேண்டும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் கொடுத்த நம் பாட்டிமார்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல.

ஆனால் ஒன்று. சோறு கால் நகராமல் செய்யும் என்ற பேச்சில் கொஞ்சம் வாஸ்தவமும் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் மைதானத்துக்குப் போனால் யாருக்குத்தான் கால் நகரும்? குற்றம் சோற்றில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஆகவே நேரத்தைக் கவனியுங்கள்.

காலை ஒன்பதரை மணிக்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதல்; ரசம், பருப்பு, வேண்டுமானால் குழம்பு மீன். வறுவலும் பொரியலும் குறைவாக. காலை ஆறரைக்கு நாலைந்து இட்லி, சாம்பார். நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் அன்றைக்கு வேண்டாம். எண்ணெயும் நெய்யும் வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஒன்பது மணிக்குப் பாதி வாழைப்பழம். ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ரசம், பக்கம் மாறும் இடைவேளைகளில் இரண்டு மூன்று வாய். அந்த இடைவேளை 90 வினாடி, அது போதும். ஆட்டம் முடிந்து அரை மணிக்குள் தயிர்ச்சாதம். உழைத்த கால் அப்போதுதான் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. சாயங்காலம் இன்னொரு ஆட்டம் இருந்தால் இந்தத் தயிர்ச்சாதத்தைத் தவறவிடவே கூடாது. எதைச் செய்தாலும் பயிற்சி நாட்களில் பழகிப் பார்த்த பிறகே போட்டி நாளில் செய்ய வேண்டும். முட்டையையும் பருப்பையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவை சோற்றுக்குத் துணை; மாற்று ஆகா.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்தாயம் நிரம்பும்போது எடை மெஷினில் ஒரு கிலோ வரை ஏறும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அது தண்ணீரும் எரிபொருளும்தான், கொழுப்பு அல்ல. இதைச் சொல்லி வைக்காவிட்டால் பெண் மெஷினில் ஏறி நின்று அழுவாள்.

ஆனால் மைதானத்தில் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. டெலிவிஷனில் விம்பிள்டன் பார்க்கிறவர்கள் இதைக் காட்டி இரண்டாம் முறை சோறு கேட்டால் போடாதீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

*

பத்தாயம் நிறைந்துவிட்டால் மட்டும் கால் பறந்துவிடுமா? பறக்கப் பழக வேண்டும்.

ஒற்றையர் டென்னிஸ் தளம் 78 அடி நீளம், 27 அடி அகலம். ஒருத்தியின் பங்குக்கு அதில் பாதி. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே அவள் ஓடுவது சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு அடிதான். ஒரு பாயிண்ட் பெரும்பாலும் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே மைல் கணக்காக ஓடிப் பழகுவதால் மட்டும் பலன் இல்லை. கிளம்ப வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். இந்தச் சுறுசுறுப்பில் பாதி காலில் இருக்கிறது, பாதி கண்ணில் இருக்கிறது. எதிராளியின் தோளையும் மட்டையையும் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று கண்டுகொள்கிறவள், ஓட்டத்தில் கொஞ்சம் மந்தமானாலும் முன்னால் போய் நிற்பாள். கிருஷ்ணனின் ஆட்டத்தில் பலத்தைவிட நிதானமும் நயமும்தான் அதிகம். அவர் விம்பிள்டன் அரை இறுதிவரை போனாரே!

நல்ல ஆட்டக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் இரண்டு காலையும் அகட்டி ஒரு சின்னத் துள்ளல் துள்ளுவார்கள். தரையில் இறங்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அந்த வேகத்தில் வலமோ இடமோ பாய்வார்கள். இதைத்தான் முதலில் பழக வேண்டும்.

அடுத்தது ஐந்து பந்துப் பயிற்சி. பின்கோட்டின் நடுவில் மட்டையை வைத்துவிட்டு, தன் பக்கத்தில் ஐந்து இடங்களில் ஐந்து பந்துகளை வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக ஓடி எடுத்து வந்து மட்டையின் மேல் சேர்க்க வேண்டும். கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டால் வாரா வாரம் முன்னேற்றம் தெரியும்.

மூன்றாவது, கயிறு தாண்டுதல். நாலாவது, எந்தப் பக்கம் என்று ஒருவர் கடைசி நிமிஷத்தில் கை காட்ட, அந்தப் பக்கம் பாய்வது. கண்ணுக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் பாடம்.

ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து வினாடி பாய்ச்சல், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓய்வு. மொத்தம் 20 நிமிஷம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். களைத்த காலோடு செய்யக் கூடாது, தப்பாகப் பழகிவிடும். பெண்களுக்கு முழங்கால் மூட்டு நார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். ஆகவே குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நான் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா திண்ணையிலிருந்து சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவு பேச்சு? கிளித்தட்டுன்னு சொல்லேன்!"

கிளித்தட்டு தெரியுமல்லவா? ஊருக்கு ஊர் பெயர் மாறும். தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் காக்க, அவர் கையில் அகப்படாமல் வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் பாய்ந்து கடக்கிற விளையாட்டு. யோசித்துப் பார்த்தேன். கண்ணைப் படிப்பது, சட்டென்று நிற்பது, திரும்பிப் பாய்வது எல்லாம் அதில் இருக்கிறது. பாண்டியில் ஒற்றைக் காலில் நிதானம் இருக்கிறது. தளத்தில் சிதறிய ஐந்து பந்தைப் பொறுக்குகிற பிள்ளையின் பாட்டி, அஞ்சாங்கல்லில் கையும் கண்ணும் பழகியவள்!

"நீங்கள் ஆடியிருக்கிறீர்களா, பெரியம்மா?"

"ஆடியிருக்கேனாவா? இந்தத் தெருவிலே என்னைத் தொட்டவங்க கிடையாது. பதிமூணு வயசிலே உள்ளே உட்கார வச்சாங்க. அதோட சரி."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அன்று இரவு அடுப்படியில் அண்ணி என்னிடம் ஒரு விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னாள். பெண்ணுக்கு மாதவிலக்கு இரண்டு தடவை வரவில்லையாம். "விளையாடற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்னு சொல்றாங்க. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

சகோதரிகளே, அது நல்லதல்ல. தயவுசெய்து இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு செய்கிற செலவுக்கு வருகிற வரவு போதாதபோது, உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. எந்த இலாகாவை மூடினால் உயிருக்கு உடனே ஆபத்தில்லையோ, அதை மூடுகிறது. மாதவிலக்கு நிற்பது அந்தச் சிக்கனத்தின் அறிவிப்பு. கூடவே எலும்பும் பலவீனமாகத் தொடங்கும். சேரும் எலும்பின் பெரும் பங்கு சேருவது இந்தப் பதின்வயதில்தான். பின்னால் வருந்தி அதை ஈடுகட்ட முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதைத் தனி விஷயமாக எடுத்துக்கொண்டு எச்சரித்திருக்கிறது. ஓடியாடுகிற பெண்ணுக்கு மாதவிலக்குத் தவறினால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறுநாளே தஞ்சாவூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். பரிசோதனைகள் செய்துவிட்டு அவர் சொன்னதும் இதுதான்: "முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு நினைப்பு. பாட்டியைப் பதின்மூன்று வயதில் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது ஊர் வழக்கம். பேத்தியைப் பதினாலு வயதில் நிறுத்தப் பார்த்தது ஒரு தட்டு வெள்ளரிக்காய். ஊர் வழக்கம் மாறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கையில், தடை வேறு வேஷத்தில் சமையலறை வழியாக உள்ளே வந்துவிடுகிறது. கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலியப் போட்டியின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை ஜெயித்தார். அதற்கு முன் இந்தக் காலத்து கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் எந்த இந்தியப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. அவருக்கும் தகப்பனார்தான் பயிற்சியாளர். நம் வீட்டுப் பெண்கள் அவ்வளவு தூரம் போகிறார்களோ இல்லையோ, மூன்றாவது செட்டை முடிக்கிற அளவுக்காவது அவர்கள் தட்டில் சோறு இருக்க வேண்டாமா?

*

ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள்.

பெண் ஒரு போட்டியில் ஆடினாளாம். முதல் செட் ஜெயித்து, இரண்டாவதை இழந்து, மூன்றாவதில் 5–7 என்று தோற்றுப் போனாளாம்.

"தோத்துட்டா. ஆனா கடைசிப் பந்து வரைக்கும் ஓடினா. நானே பார்த்தேன்" என்றாள் அண்ணி. அவள் குரலில் தோல்வியின் சாயலே இல்லை. அந்த மற்ற விஷயமும் சரியாகிவிட்டதாம்.

"பெரியம்மா என்ன செய்கிறாள்?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கறே! தினமும் சாயங்காலம் முற்றத்திலே சுண்ணாம்புலே கோடு போட்டு, நாற்காலியிலே உட்கார்ந்துக்கிட்டு 'வலது! இடது!'ன்னு கை காட்டறாங்க. தெருப் பிள்ளைங்க அத்தனையும் இங்கேதான்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பதினாலு வயதுக் குரல்.

"அம்மா, பேசினது போதும். இன்னும் ஒரு கரண்டி சோறு போடு!"

அண்ணி போனை வைத்துவிட்டாள். நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.